ரத்தம் எடுக்கும் நாளில் நான் செய்த தவறு

என் மகனுக்கு இருபத்தேழு வயது. இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டுக்கொண்டிருந்தான். பெண் வீட்டாருக்கு அனுப்ப ஒரு போட்டோ கேட்டால் எழுந்து அறைக்குள் போய்விடுவான். தலையில் தடவும் மருந்தை விடாமல் தடவினான். மாத்திரையை, யாரோ எதையோ சொன்னார்கள் என்று பாதியில் நிறுத்திவிட்டான். எனக்கு முப்பதுக்குள்ளேயே வழுக்கை விழுந்துவிட்டது. அவன் நெற்றி மேலே ஏற ஏற, அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் அவனே கேட்டான். "சென்னீர்குப்பத்துல ஒரு ஸ்கின் டாக்டர் இருக்காங்க. வர்றீங்களாப்பா?"

அவன் என்னை எங்காவது கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. உடனே சட்டையை மாற்றிக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண். முதலில் என் தலையைப் பார்த்தார், பிறகு அவன் தலையை. "தடவுற மருந்த விடாதீங்க. மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கலாமான்னு பேசுவோம். முடி நடுறதுக்கு இப்ப அவசரம் இல்ல. கூட பிஆர்பி பண்ணிப் பாக்கலாம். உங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்தவிட்டு, தட்டணுக்கள் அதிகமா இருக்கிற பகுதிய மட்டும் பிரிச்சுத் தலையில ஊசியா போடுவோம். மாசம் ஒண்ணா மூணு தடவை. எல்லாருக்கும் வளரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"பண்ணிக்கறேன்" என்றான் அவன்.

முன்தயாரிப்பு பற்றி ஒரு தாள் கொடுத்தார்கள். நான்தான் வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். படிக்கவில்லை. பதினோரு வருடமாக எனக்குச் சர்க்கரை. ரத்தம் என்றாலே வெறும் வயிறு என்பது எனக்கு ஊறிப்போன விஷயம். முதல் ஊசி போடவேண்டிய சனிக்கிழமை காலை என் மனைவி அவனிடம் இட்லித் தட்டை நீட்டியபோது, "ரத்தம் எடுக்கப்போறாங்க, காபிகூடக் கூடாது" என்று தடுத்தேன். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். வெள்ளானூரிலிருந்து போய்ச் சேர்ந்து, எங்கள் முறை வர மதியம் ஆகிவிட்டது.

அவனை உள்ளே அழைத்துப் போனார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் தலையை நிதானமாகப் பார்த்தார்.

"இன்னா சார், உனுக்கா?"

"பையனுக்கு."

"அப்ப சரி. உனுக்குன்னா டாக்டரே ஓடிருப்பாங்க." அவரே சிரித்துக்கொண்டார். "என் தம்பி உள்ள கீறான். பொண்ணு பாத்துகினு கீறோம், அதான்."

நானும் சிரித்தேன். அப்போதுதான் நர்ஸ் கதவைத் திறந்து, "பையனோட அப்பா வாங்க" என்று கத்தினார்.

கட்டிலில் கால்களை உயர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. நெற்றியின் இடப்பக்கம் ஊசி குத்திய இடங்களில் பொட்டுப் பொட்டாக ரத்தம். கண் மூடியிருந்தது. நான் கூப்பிட்டேன், பதில் இல்லை. எத்தனை நொடிகள் என்று தெரியாது. இப்போதும் பஸ்ஸில் போகும்போது அந்த முகம் வந்துவிடுகிறது.

"காலைல என்ன சாப்பிட்டார்?" டாக்டர் என்னிடம் கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. ரத்தம் எடுக்கறதால..."

"சார், நல்லா சாப்பிட்டு வரணும்னு தாள்லயே போட்டிருக்கோமே."

அவன் கண் விழித்தான். முதலில் கேட்டது, "தொப்பி எங்க?" என்றுதான்.

ஜூஸ் கொடுத்தார்கள். "இன்னிக்குப் போதும், வீட்டுக்குப் போலாம்டா" என்றேன்.

"பாதி தலைக்கு முடிஞ்சிடுச்சு. மிச்சத்தையும் போட்டுக்கறேன்." பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்க வெளிய இருங்கப்பா" என்றான்.

அவன் கொஞ்சம் தேறியதும் டாக்டர் மறுபடி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். வீட்டிலும் அம்மாவிடம், "கொஞ்சம் மயக்கமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான்.

இரண்டாவது முறை போய்விட்டு வந்ததே எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. மூன்றாவதும் முடிந்திருக்க வேண்டும். முடி வளர்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணிச்சல் இல்லை. சனிக்கிழமை காலைகளில் அவன் வண்டிச் சாவியை எடுத்தால், எங்கே என்று கேட்காமல் பேப்பரை மடித்து வைக்கிறேன். கூப்பிட்டால் உடனே கிளம்பிவிடலாம் என்று சட்டையையும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.