கவுன்சிலர் நைனாவைப் பற்றிக் கேட்டார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அமெரிக்காவிலிருந்து அக்கா போன் செய்து, நைனாவின், அதாவது எங்கள் அப்பாவின், பழைய போட்டோ ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். ரேஷன் கார்டுக்கு எடுத்தது ஒன்று இருக்கிறது என்றேன். அது வேண்டாம், வலையோடு இருக்கிற மாதிரியோ படகில் நிற்கிற மாதிரியோ வேண்டும் என்றாள். அப்படி ஒன்று எங்கள் வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. தொழிலுக்குப் போகிற மனிதரை யார் போட்டோ எடுத்தார்கள்? எதற்கு இது என்று கேட்டேன்.

"கவுன்சிலர் கேட்டாங்க."

எங்கள் பக்கத்தில் கவுன்சிலர் என்றால் ஒன்றியக் கவுன்சிலர்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்போம். இறந்து பல வருஷமான பழவேற்காட்டு மீனவர் ஒருவரின் போட்டோ அமெரிக்கக் கவுன்சிலருக்கு எதற்கு என்று உண்மையிலேயே குழம்பிப் போனேன். அக்கா சிரித்துவிட்டு விளக்கினாள். அங்கே பெரிய காலேஜ்களில் இடம் வாங்கித்தர யோசனை சொல்பவர்களுக்கும் அதே பெயராம். பெரிய மகளுக்கு அப்படி ஓர் அம்மாள் ஏற்பாடாகியிருந்தார். குடும்பத்தைப் பற்றி அவர் ஒரு நீளமான கேள்வித்தாள் கொடுத்திருந்தார். தாயின் தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்பது அதில் ஒரு கேள்வி.

அக்கா எங்கள் வீட்டில் பிளஸ் டூ தாண்டிய முதல் ஆள். கட்-ஆஃப் மார்க்கைப் பார்த்து இன்ஜினியரிங் சீட் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது. நான் லைட்ஹவுஸ் குப்பத்திலேயே தங்கிவிட்டேன். பாலத்தைத் தாண்டி பழவேற்காட்டில் இருக்கும் நூலகத்தில் எனக்கு வேலை.

அக்காவின் மகள் வளர்ந்ததை நான் போனில்தான் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு புதுச் செய்தி வரும். நாலு வயதில் பியானோ. ஏழு வயதில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற பகுதிக்கு வீடு மாறினார்கள். அங்கே முன்பு இருந்ததைவிடச் சின்ன வீடு, வாடகை அதிகம். பதினோரு வயதில் வாள் சண்டை வகுப்பு. வாள் எதற்கு என்று கேட்டேன். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பியானோவும் செஸ்ஸும் கற்றுக்கொள்கிறார்கள், வாள் வீசுகிறவர்கள் குறைவு, காலேஜ்காரர்கள் கண்ணில் படும் என்றாள். அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது தமிழ் விஷயம். குழந்தை ஸ்கூல் சேர்ந்தபோது இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்தினார்கள். பன்னிரண்டு வயதானதும், இன்னொரு மொழி தெரிந்தால் விண்ணப்பத்தில் மதிப்பு என்று சனிக்கிழமை தமிழ் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

போட்டோ கிடைக்காததால் மகளையே அனுப்புவது என்று முடிவானது. ஜூன் மாதம், மூன்று வாரம். பழவேற்காட்டு ஏரியில் கையால் எறா, அதாவது இறால், பிடிக்கிற பெண்களைச் சந்தித்து அவர்கள் கஷ்டத்தைப் பதிவு செய்து, காலேஜ் விண்ணப்பக் கட்டுரைக்கு ஆக்கிக்கொள்ள வேண்டும். இது கவுன்சிலர் அம்மாளின் திட்டம்.

வந்திறங்கியவள் என்னைவிட ஒரு சாண் உயரம். கைகூப்பி, "சித்தி, நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டாள். சனிக்கிழமை வகுப்பு அவளுக்குச் செய்தி வாசிக்கிற தமிழைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. தெருவில் அவள் வாயைத் திறந்தாலே பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். கேலி செய்யவில்லை, இப்படியும் ஒரு பிள்ளை பேசுமா என்று பார்த்தார்கள்.

முதல் நாள் சாப்பிடும்போதே அவள் ஒன்று கேட்டாள். தாத்தா கடல் உணவு வியாபாரம் செய்தார் என்றுதான் அம்மா இத்தனை காலம் சொல்லியிருந்தாளாம். இவளும் ஓர் அலுவலகம், மேஜை, வாசலில் லாரிகள் என்று மனதில் வைத்திருந்தாள். கேள்வித்தாளை அம்மா நிரப்பிய பிறகுதான் அதில் மீனவர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"அம்மா ஏன் என்னிடம் மறைத்தார்?"

எனக்கு இதுவே புதுச் செய்தி. அவளைவிட எனக்குத்தான் பதில் தெரிய ஆசையாக இருந்தது. உன் அம்மாவிடமே கேள் என்று சொல்லிவிட்டு, அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

நூலகத்துக்குப் போகிற வழியில் எனக்கு எறா கொடுக்கிற பெண் ஒருத்தி உண்டு. நாற்பது வயது இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஏரியில் கையால் தடவி எறாவும் நண்டும் பிடிக்கிற குடும்பம். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைக் கழுத்தருகில் தொங்கும் ஓலைக் கூடையில் போடுவார்கள். அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை கூட வரலாமா என்று கேட்டபோது, வரட்டுமே என்றாள்.

முதல் நாள் என் அக்கா மகள் நோட்டுப் புத்தகத்தோடு கரையில் நின்றாள். இரண்டாம் நாள் இறங்கினாள். மூன்றாம் நாள் ஒரே ஒரு எறா பிடித்து, அதன் தலை முள் குத்தியதில் அதையும் விட்டுவிட்டாள். நான்காம் நாள் நூலகத்துக்கு விடுமுறை. இரண்டு பேர் தமிழுக்கும் நடுவில் ஆள் தேவைப்பட்டதால் நானும் போனேன். கரையில் உட்கார்ந்து பெரிய எறாவையும் சிறியதையும் பிரித்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்.

"இத எழுதினா இன்னா ஆவும்?"

"எனக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கலாம்."

"எறா புடிக்கறது நானு. எடம் உனக்கா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அக்கா மகள் என்னைப் பார்த்தாள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: அங்கே மார்க் மட்டும் பார்ப்பதில்லை, பிள்ளை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளக் கட்டுரை கேட்பார்கள். அந்தப் பெண் ஒரு பெரிய எறாவை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"அப்போ உன்ன பத்திதான எழுதணும்? என்ன பத்தி எழுதினா நான் எப்படினுதான அவங்களுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு நோட்டுப் புத்தகம் பையிலிருந்து வெளியே வரவில்லை. ஆனால் தினமும் காலையில் ஏரிக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. நான் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எழுதுவதற்காக இல்லையென்றால் எதற்குப் போகிறாள்? கேட்டால், விரலுக்கு அடியில் எது சேறு எது உயிர் என்று இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்றாள்.

சாயங்காலமானால் அக்காவின் போன் வரும். அவளுக்கு அங்கே காலை. இன்று எத்தனை பேரைப் பேட்டி எடுத்தாய் என்று மகளைக் கேட்பாள். எறா பிடித்தேன் என்று பதில் வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் என்னைத் தனியாக அழைத்தாள். நான் எவ்வளவு சொல்லியும் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

"அங்க எல்லா புள்ளைங்களும் முழு மார்க்குதான் வாங்குது. நாங்க போய் நின்னா யாருக்கும் எங்கள தெரியாது. இந்தக் காலேஜ் பேரு ஒன்னு கெடைச்சா அப்புறம் அவள யாரும் எங்க இருந்து வந்தேனு கேக்க மாட்டாங்க."

அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்பதற்கு இத்தனை வருஷமா என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகளுக்கும் அதே வயதுதான். பிளஸ் டூ, கூடவே நீட் கோச்சிங்குக்குப் பொன்னேரி வரை போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கிக்கொண்டே நான் கானாங்கெளுத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே பரீட்சை, நீ யாருன்னு யாரும் கேட்க மாட்டாங்க என்றாள் என் மகள். அது எவ்வளவு நல்லது என்றாள் மற்றவள். என் மகள் சொன்னாள்: "ஒரு தடவ யாராவது கேட்டா நல்லா இருக்கும்னு நான் நெனைப்பேன்."

மூன்றாம் வாரத்தில் அக்கா மகள் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, இங்கிலீஷில் பேசினாள். வெகுநேரம். பிறகு வெளியே வந்து போனை என்னிடம் நீட்டினாள். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

முதல் வேலையில் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டு போயிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்த தமிழ்ப் பெண்ணே மூக்கைப் பிடித்துக்கொண்டு, நீங்க மீன்காரங்களா என்று கேட்டிருக்கிறாள். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வியாபாரம் என்று அன்றைக்கு வாயில் வந்ததுதான், அப்படியே நின்றுவிட்டது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு மட்டும் உண்மை தெரியும்.

"இப்போ அதே சேதிய அந்தக் கவுன்சிலர் அம்மா கேட்டுட்டு, இதுதான் உங்க கட்டுரைக்கே பலம்னு சொல்றாங்க. எனக்குச் சிரிக்கறதா அழுவறதானு தெரியல."

அதை எழுதட்டுமா என்று மகள் கேட்டிருந்தாள். அக்கா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எழுதிக்கொள் என்றாள். கவுன்சிலர் அம்மாளுக்கு அது பிடிக்கவில்லையாம். ஏரி இல்லை, எறா இல்லை, ஒரு தாய் சொன்ன சின்னப் பொய் மட்டும்தான் இருக்கிறது என்றாராம். அக்கா மகள் மாற்றவில்லை.

அடுத்த வருஷம் வசந்தத்தில் முடிவுகள் வந்தன. பெரும்பாலான இடங்களில் இல்லை என்றார்கள், இரண்டில் காத்திருக்கச் சொன்னார்கள், ஒன்றில் கிடைத்தது. அந்தக் காலேஜின் பெயர் எங்கள் நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அக்கா போனில் சந்தோஷத்தில் கத்தினாள். ஒரு வாரம் கழித்து அழைத்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. எதனால் கொடுத்தோம் என்று அவர்கள் சொல்லவே மாட்டார்களாம். வாளா, தமிழா, மார்க்கா, நைனாவா? அவளுக்கு எட்டு வயதில் இன்னொரு மகள் இருக்கிறாள்.

"எதுனாலனு தெரிஞ்சா சின்னவளுக்கு அத மட்டும் செய்வேன். தெரியலயே. அப்போ எல்லாத்தையும்தான செஞ்சாகணும்?"

சின்னவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்போது எறாக்காரப் பெண்ணைப் பார்த்தேன். நான் சொல்வதற்கு முன்பே, இடம் கிடைத்ததா என்று அவளே கேட்டாள். கிடைத்தது என்றதும் முகம் மலர்ந்தது.

"இன்னா படிப்பு? டாக்டரா, இன்ஜினியரா?"

இன்னும் முடிவு செய்யவில்லை, அங்கே சேர்ந்த பிறகு இரண்டு வருஷம் கழித்துச் சொன்னால் போதுமாம் என்றேன். எறாவை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா படிக்கப் போறோம்னு தெரியாமயே எடம் குட்த்தாங்களா?"

ஆமாம் என்றேன். அவள் அதை நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கை எறா கூடுதலாகப் போட்டு, பையின் வாயைக் கட்டிக் கொடுத்தாள்.