ஒடீல் சேர்த்த மீன்தலைகள்

ஒடீல் ஷோவனை யார் குறை சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். அவளைக் குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். நாற்பது வருஷமாக அவளோடு பேசி, ஏசி, இரண்டு தடவை பேச்சையே நிறுத்திப் பார்த்தவள் நான்.

போர்ட் ஆர்செனோ படகுத்துறையில் தூண்டிலுக்கு உயிர் இறாலும் பெட்டிக்கு ஐஸும் விற்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் உப்புநீர்த் தூண்டில் தொழிலோர் சங்கத்தின் அலுவலகம். ஒடீல் அதன் செயலாளர். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்கப் போகும் கேப்டன்கள், தூண்டில் கடைக்காரர்கள், எஞ்சின் மெக்கானிக்குகள், மோட்டல்காரர்கள், நான் என்று மொத்தம் நாற்பத்தொரு பேர். அரசாங்கக் காகிதத்தில் எங்கள் பிழைப்புக்குப் 'பொழுதுபோக்கு மீன்பிடி' என்று பெயர். பொழுதுபோக்காம்! பொழுது போவது ஹூஸ்டனிலிருந்து வருகிறவனுக்கு. எங்களுக்கு இடுப்பு போகிறது.

சட்டசபையில் எங்களுக்காகப் பேச ஒடீலை விட்டால் ஆள் கிடையாது. தலைநகர் பேட்டன் ரூஜுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெரிய பானை நிறைய நண்டு கும்போக் குழம்பு வைத்து, அதை முன்சீட்டில் உட்கார்த்தி, பெல்ட்டும் மாட்டிவிடுவாள். அங்கே உறுப்பினர்களைப் பார்ப்பதற்கு முன் குமாஸ்தாக்களுக்குப் பரிமாறுவாள். "சாப்பிட்டவன் நம்ம மனுவைக் கீழ போடமாட்டான்டி" என்பாள். மீன்பிடி விதிகளை முடிவுசெய்யும் ஆணையத்தின் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் பேசலாம். முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை மேஜைமேல் வைத்து, கேப்டன்களுக்குப் பேசப் பழக்குவாள். அவள் தம்பி டெல்மஸ் நாக்கன்தான் சங்கத் தலைவன். மூன்று நிமிடமும் அவனுக்கு அவன் பிடித்த மீனின் நீளத்தைச் சொல்லவே சரியாகிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மீன்வளத் துறையிலிருந்து ஹோல்கம் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். எங்கள் ஆட்கள் அதிகம் பிடிக்கும் புள்ளி ட்ரவுட் மீனின் தலைக்குள் ஒரு காதுக்கல் இருக்குமாம். அதை அறுத்துப் பார்த்தால் மரத்தில் வளையம் எண்ணுவதுபோல் மீனின் வயதை எண்ணிவிடலாமாம். "சதையை எடுத்துட்டுத் தூக்கிப் போடற தலையை மட்டும் எங்களுக்குக் குடுங்க" என்று கேட்டார். என் கடை ஓரத்தில் ஒரு ஃப்ரீசர் வைத்தார்கள். தலையைப் பையில் போட்டு, தேதியும் படகின் பெயரும் எழுதி உள்ளே வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் இரண்டு மாதம் ஒருவனும் வைக்கவில்லை. ஒடீலுக்குப் பொறுக்குமா? "நாளைக்கு நம்மளைப் பத்தி முடிவெடுக்கறவன் கையில நம்ம மீன் இருக்கணும்" என்று துடித்தாள். கடைசியில் அவளே ஒரு போட்டி வைத்தாள். வாரத்தின் மிகப் பெரிய தலைக்குச் சங்கத்தின் தொப்பி பரிசு, ஜெயித்தவன் பெயர் என் கடைப் பலகையில். அவ்வளவுதான், ஃப்ரீசர் மூடி மூடவில்லை! அவனவன் மாமியாரைக் கூட்டிவந்து தலையைக் காட்டினான். டெல்மஸ் மூன்று தொப்பி வாங்கினான், மூன்றையும் முறை வைத்துப் போட்டுக்கொண்டான்.

போன பிப்ரவரியில் அறிக்கை வந்தது. எங்கள் வளைகுடாவில் இளமீன்களே கிட்டத்தட்ட இல்லை, கிழமீன்கள்தான் மிச்சம், அதனால் இரண்டு வருஷம் புள்ளி ட்ரவுட் பிடிக்கத் தடை போடலாம் என்று பரிந்துரை. இரண்டு வருஷம்! இரண்டு மாதம் மூடினாலே என் கடை தாங்காது. டெல்மஸ் படகை விற்க வேண்டியதுதான்.

ஒடீல் என் கல்லாவில் சாய்ந்து நின்று அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்தாள். பிறகு போய் ஃப்ரீசரைத் திறந்தாள்.

"எர்லீன், இதுல ஒரு சின்னத் தலை எடுத்துக் காட்டுடி."

"சின்னதை எவன் கொண்டுவருவான்? படகு பேர் எழுதி வைக்கணுமே, மானம் போயிடாது? தொப்பியும் கிடைக்காது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

நாங்கள் பிடிப்பதில் பாதிக்குமேல் பன்னிரண்டு, பதின்மூன்று அங்குல இளசுகள்தான். அவற்றின் தலைகளெல்லாம் பெலிக்கன் பறவைகளின் வாய்க்குப் போய்விட்டன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலமே டெல்மஸ் வந்து குதித்தான். "அக்கா, தடையை முடிவு பண்ண ஆணையம் இங்க கூடுதுல்ல, அங்க நீ வாயைத் திறக்காதே. 'உங்க ஆராய்ச்சி தப்பு'ன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லுவோம்."

"ஆராய்ச்சி தப்பில்லடா. நாம குடுத்தது தப்பு. குடுக்க வெச்சது நான்."

"அதை மைக்ல சொல்லுவியா? இனிமே நம்ம சங்கம் என்ன சொன்னாலும் சிரிப்பான். ஒண்ணு கேட்டுக்கோ, இதை நீ சொன்னா அன்னிக்கே நீ செயலாளர் இல்லை."

"சரிடா, இல்லாமலே போறேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் டெல்மஸ் பக்கம்தான் பேசினேன். "முழுப் பூசணிக்காயை மறைக்கச் சொல்லலை, சும்மா இருன்னுதான் சொல்றோம்" என்றேன். ஒடீல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில், வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு ஆணையம் கூடியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டெல்மஸின் பெரிய மீன் பேச்சை நம்பிக் காசு கொடுக்கும் நிரந்தர வாடிக்கையாளர்கள் மூன்று பேர் ஹூஸ்டனிலிருந்து வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒடீலின் முறை வந்தது. கையில் காகிதமில்லை. தொப்பி, போட்டி, பலகை எல்லாவற்றையும் சொன்னாள். "ஹோல்கம் ஐயா மேல தப்பில்லை. பெரிய தலைக்கு நான் பரிசு குடுத்தேன், பெரிய தலை மட்டும் வந்துச்சு. இளமீன் இருக்கு. நாங்கதான் காட்டலை" என்றாள். ஹோல்கம் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வரிசையில் ஒருவன் முகத்திலும் ஈயாடவில்லை.

ஆணையத் தலைவர் முன்னால் சாய்ந்தார். "அம்மா, நீங்க ஒருத்தர் சொல்றதை வெச்சு நாங்க எப்படி முடிவு பண்றது? இங்க இத்தனை கேப்டன்கள் இருக்காங்க. சின்ன மீன் பிடிச்சேன்னு யாராவது பேர் சொல்லிப் பதிவு பண்ணுவாங்களா?"

கடவுளே! கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். எங்கள் ஊர்க்காரன் பாவமன்னிப்பு கேட்கும்போதுகூடப் பாதிரியாரிடம் நான்கு அங்குலம் கூட்டித்தான் சொல்வான். ஒருவனும் அசையவில்லை. ஒடீல் மைக்கைப் பிடித்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. டெல்மஸ் எழுந்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"டெல்மஸ் நாக்கன். போன சனிக்கிழமை பதினாலு மீன். பதிமூணு அங்குலத்துக்கு மேல ஒண்ணுகூட இல்லை." இரண்டாம் வரிசையைப் பார்க்காமலே தொடர்ந்தான். "முந்தின சனிக்கிழமையும் அப்படித்தான். அப்புறம், அந்த மூணாவது தொப்பி இருக்கே, அந்தத் தலை என் மச்சான் பிடிச்சது."

யாரோ பக்கென்று சிரித்தார்கள். மச்சான்காரன் "அப்பவே சொன்னேன்ல!" என்று பின்னாலிருந்து கத்தினான். அதற்குப் பிறகு அணை உடைந்தது. ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டரை, பதின்மூன்று, மறுபடி பன்னிரண்டு. முப்பது வருஷம் வாய்கிழியப் பேசியவர்கள் பிள்ளைகள்போல் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார்கள். நானும் போய், சின்ன மீன் பிடித்தவனை என் கடையில் வைத்துக் கேலி செய்ததைச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது, அதனால் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

தடையை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். அதற்குள் பெரிதும் சிறிதுமாக எல்லாத் தலையும் வர வேண்டும், வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிழைத்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் கிடைத்தது.

வெளியே வந்ததும் ஒடீல் அலுவலகச் சாவியைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"சின்னத் தலையைக் கொண்டுவர்றவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்காம வாங்கணும். எர்லீனை நம்பி விட முடியுமா? நீயே வெச்சுக்கோ, அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் பொய்யில்லை.

திங்கட்கிழமை மதியம் டெல்மஸ்தான் முதலில் வந்தான். துறை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். ஒடீல் பிரித்தாள். உள்ளே ஆறு தலை, ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, எண்ணி வைத்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், இந்த முறை சிரிப்பை அடக்க அல்ல.

"நல்ல மீன்டா, தம்பி" என்றாள் ஒடீல், துறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.