பதினோராம் எண் கல்

ஒன்பது வயதில் நான் ஒரு நோட்டு ஆரம்பித்தேன். தொலைந்துபோன கற்களின் நோட்டு. என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்போது நாங்கள் தலைநகரில், ஆர்.கே.புரத்து அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, திருநெல்வேலியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு கம்ப்யூட்டர் வகுப்புக்காக எங்களோடு வந்து தங்கியிருந்தாள். வகுப்பு இல்லாத நேரத்தில் வெள்ளிக் கம்பியை வளைத்து, கல் கட்டி, கம்மல் செய்வாள். மாடி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஒரு ஜோடியைப் பார்த்து மயங்கி, தன் மகள் கல்யாணத்துக்கு வரும் பெண்களுக்குக் கொடுக்கப் பன்னிரண்டு ஜோடி கேட்டிருந்தாள். சித்திக்கு வந்த முதல் ஆர்டர் அது.

கல்லைக் கரோல் பாக் கடைத்தெருவில் வாங்கினோம். மொச்சைக்கொட்டை அளவில் கண்ணாடி போன்ற படிகக் கல். உள்ளே பொன்னிறத்தில் ஊசி ஊசியாக இழைகள். யாரும் வைத்ததல்ல, பூமிக்கடியில் கல் வளர்ந்தபோதே உள்ளே சிக்கிக்கொண்டவை. ஒரு கல்லைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் கொத்தாகத் துடைப்பம், ஒன்றில் இரண்டே இரண்டு கோடு. ஏறக்குறைய ஒத்துப்போகும் இரண்டைத் தேடி ஜோடி சேர்ப்பதுதான் பாடு. பழைய மிட்டாய் டப்பாவில் பஞ்சு விரித்து அவற்றைக் காவல் காக்கும் பொறுப்பு எனக்கு.

முதல் வாரமே ஒரு கல்லைக் காணோம்.

"இவதான் விளையாட எடுத்திருப்பா," என்றாள் அம்மா.

"போட்டும்க்கா, சின்னப் பிள்ள. சனிக்கிழம இவளக் கூட்டிட்டு கரோல் பாக் போயி இன்னொண்ணு வாங்கிட்டு வாரேன்," என்றாள் சித்தி.

செய்யாத குற்றத்துக்கு மன்னிக்கப்படுவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. ஜோடி பார்ப்பதற்காக டப்பாவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கடையின் முன்பக்கம் முதலாளி உட்கார்ந்திருப்பார். பின்பக்கம் கல்லைத் தரம் பிரித்துக் கொடுப்பவர் ஓர் இளைஞர். தமிழர்தான், ஆனால் கரோல் பாகிலேயே பிறந்தவர். அவருடைய தமிழ் இரண்டடி நடந்தால் ஹிந்தியில் தடுக்கி விழும்.

"அச்சா, ஒண்ணு மிஸ்ஸிங்கா? உங்க வீட்டுல கல்லுக்கு கால் இருக்கு ஜி," என்று சிரித்தார். எனக்கு ஒரு சமோசா வரவழைத்தார். ஒரு கிலோ கத்திரிக்காயை இரண்டு நிமிடத்தில் பொறுக்கி முடிக்கும் சித்தி, அந்த ஒரு கல்லுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டுப் போட்டேன். எல்லாக் கல்லுக்கும் எண், அடையாளம். எண் 7: ஊசி நான்கு, ஒன்று உடைந்தது. எண் 11: துடைப்பம். எண் 14: சாய்ந்த மழை. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை எண்ணினேன்.

அப்படியும் அடுத்த வாரம் ஏழு போனது. அதற்கடுத்து பதினான்கு. பிறகு பதினொன்று. கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன். பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலியைத் தூக்கிப் பார்த்தேன். சுவரிலிருந்த பல்லியைக்கூடச் சந்தேகப்பட்டேன். சித்தியை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒவ்வொரு முறையும் "விடுட்டி, வாங்கிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னவள் அவள்தானே.

நான்காவது முறை அப்பா பொறுமை இழந்தார். "வாரா வாரம் ரெண்டு பேரும் பஸ்ஸுல அலையணுமாக்கும்? ஆபீஸ் விட்டு நானே போயி வாங்கிட்டு வாரேன். இனிமே கல்லு வாங்குறது என் வேல."

"பாத்து எடுக்கணும் அத்தான்," என்றாள் சித்தி. குரல் இறங்கிவிட்டது.

"எனக்குக் கண்ணு இல்லியா?"

சித்தி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆர்டர் கெட்டுவிடும் என்ற கவலை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா வெற்றியோடு வந்து பொட்டலத்தைப் பிரித்தார். "அந்தப் பையன் மொதல்ல முடி விழுந்த கல்லாவே எடுத்துப் போட்டான். ஒரு அதட்டு அதட்டினேன். மறுபேச்சு பேசாம சுத்தமான கல்லாப் பொறுக்கிக் குடுத்தான். நல்ல பையன்."

சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறவர் அப்பா. அதே சட்டத்தைக் கல்லுக்கும் போட்டிருக்கிறார். இனி அலையவே வேண்டாமென்று பத்துக் கல் வாங்கியிருந்தார்; ஒன்றில்கூட ஓர் ஊசி இல்லை.

"ஏங்க, அந்த முடிக்காகத்தான அத வாங்குறதே!" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"அந்தப் பையன் ஒண்ணும் சொல்லலியா அத்தான்?" என்று சித்தி கேட்டாள்.

"சொல்ல என்ன இருக்கு? சிரிச்சிக்கிட்டே கட்டிக் குடுத்தான்."

சித்தி அவசரமாகச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பு கேட்டது. அந்தச் சனிக்கிழமை அப்பாவின் கற்களை மாற்ற நாங்களே போனோம். கல் வாங்கும் வேலையைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு ஜோடியும் நாள் தவறாமல் மாடிக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த வருஷம் சித்திக்குக் கல்யாணம். எப்படி நிச்சயமானது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். திறந்தபோது எல்லாருக்கும் கேசரி. மாப்பிள்ளை, கடையின் பின்பக்கம் கல் பிரித்துக் கொடுத்த அந்த இளைஞர். "நல்ல பையன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா," என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் சித்தியின் அருகில் போய் நின்றேன். தங்கச் சங்கிலிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய வெள்ளிக் கம்பி. அதில் நான்கு கற்கள். சாய்ந்த மழை. உடைந்த ஊசி. துடைப்பம்.

"சித்தி, பதினொண்ணு!" என்று கத்தினேன்.

அவள் என் ரிப்பனைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, "வாய மூடுட்டி," என்றாள். மாப்பிள்ளை திடீரென்று கோபுரத்தை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் தேடி எடுத்து 7, 11, 14 மூன்றுக்கும் டிக் போட்டேன். நான்காவதற்கு எண் கிடையாது. அது நோட்டுக்கு முன்பே போனது. ஒரு வருஷமாக என்மேல் இருந்த பழி தீர்ந்துவிட்டது. நடந்தது என்ன என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. ஜோடி பார்க்க டப்பாவைத் திறந்தபோதெல்லாம் கற்கள் கடையிலேயே விழுந்திருக்கின்றன; அவர் அவற்றைப் பொறுக்கி, இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்து, திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

கடைசி வரியில் புதுச் சித்தப்பாவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அடிக்கோடிட்டேன்: 'மிகவும் நாணயமானவர்.'