பாதிக் கடிகாரம்

பாலை அடுப்பில் வைத்ததும் கொளஞ்சிநாதன் இடக்கையை முகத்துக்கு நேரே தூக்கி, கைக்கடிகாரத்தின் விளிம்பில் இருக்கிற வளையத்தை நகத்தால் நெம்பித் திருப்புகிறார். அதிலுள்ள முக்கோணக் குறி பெரிய முள்ளுக்கு நேரே வந்து நின்றால்தான் அவருக்குத் திருப்தி. பால் பொங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று இனி பார்க்கலாம் அல்லவா? பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்து அதில்தான் மணி பார்ப்பார். அந்தக் கடிகாரம் நின்று மூன்று வருஷம் ஆகிறது.

நான் எதிர் குவார்ட்டர்ஸ்காரன். ஓடாத கடிகாரத்தில் எதற்கண்ணே இந்தத் திருகல் என்று கேட்டிருக்கிறேன். "கை சும்மா இருக்குமா தம்பி? பழகிப்போச்சி" என்பார். ஆள் மெலிசு, கடிகாரம் தடிமன். முழுக்கைச் சட்டை போட்டால் மணிக்கட்டில் பொத்தான் ஏறாது. அதனால் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டினாலும் மேலே அரைக்கைதான்.

கடலில் முக்குளிப்பவர்கள் கட்டுகிற ஜாதிக் கடிகாரம் அது. பேட்டரியில் ஓடுவது. கடலூரில் ஒரு கப்பல் சிப்பந்தியிடம் வாங்கியது. வளையம் ஒரு பக்கமாகத்தான் திரும்பும். தண்ணீருக்குள் எதிலாவது இடித்துத் தானாகத் திரும்பிவிட்டாலும், மிச்சமிருக்கும் நேரம் குறைவாகக் காட்டுமே தவிர கூடுதலாகக் காட்டாது. ஆள் முன்கூட்டியே மேலே வந்துவிடுவான். கொளஞ்சிநாதனும் அந்த ரகம். ஒன்பது மணி பஸ்ஸுக்கு எட்டேகாலுக்கே போய் நிற்பார். "முன்னாடி போனா டீ கெடைக்கும், பின்னாடி போனா மெமோ கெடைக்கும்" என்பது அவர் வேதம். அவரோடு வெளியூர் கிளம்பி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வேலை மைன்ஸில், பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் குளமாகிவிடும். அதனால் அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்காமல் பம்ப் ஹவுஸை விட்டு நகரக் கூடாது, தலைபோகிற காரியமானாலும். அங்கே தெறிக்கிற தண்ணீருக்குச் சாதாரணக் கடிகாரம் ஒரே மாதத்தில் உள்ளே வேர்த்து நின்றுவிடும். ஆகவே அவரும் அவருடைய ரிலீவர் மதிவாணனும் ஆளுக்குப் பாதி போட்டு இதை வாங்கினார்கள். ஷிப்டில் இருப்பவன் கையில் கடிகாரம் இருக்கும். அடுத்தவன் வந்ததும் கழற்றி, அவன் கையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். பல வருஷம் இப்படியே ஓடியது. பட்டையில் இரண்டு ஓட்டைகள் மட்டும் அகன்று கிடக்கின்றன, ஒல்லிக்கு ஒன்று, குண்டுக்கு ஒன்று.

சுமார் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி ஷிப்டுக்கு மதிவாணன் வரவில்லை. அன்று மதியம்தான் கொளஞ்சிநாதனின் அப்பாவை மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சாயங்காலம் பம்ப் ஹவுஸ் போனுக்குத் தகவல் வந்தது. பத்து மணிக்கு ரிலீவர் வந்ததும் ஓடிவிடலாம் என்று இவர் காத்திருந்தார். வரவில்லை. நல்ல மழை. ஃபோர்மன் தேடியும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். "தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தாராம். நான் ஊரு தண்ணியெல்லாம் எறைச்சிக்கினு இருந்தேன் தம்பி. எங்கப்பா வாயில ஒரு சொட்டு ஊத்தல." இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். சொன்னவுடன் எழுந்து போய்விட்டார்.

சாவுக்கு மதிவாணன் வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றாராம். இவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் எழுதிக் கொடுத்து வேறு பம்ப் ஹவுஸுக்கு மாறிவிட்டார். ஒரே மைன்ஸில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் பேசாமலே காலத்தை ஓட்டினார்கள். கடிகாரம் இவர் கையிலேயே தங்கிவிட்டது.

இந்த வருஷம் இவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடக்குத்து என்கிற பக்கத்து ஊரில் வீடு கட்டியாயிற்று. மனை வாங்கும்போது விசாரிக்கவில்லை. சுவர் எழும்பிய பிறகுதான் தெரிந்தது, மதிவாணன் வீடு நாலு தெரு தள்ளி. விதி சிரிக்காமல் என்ன செய்யும்? சாமான் கட்ட ஆரம்பித்ததிலிருந்து இவர் மனைவி சந்திரா அக்காவுக்கு அந்தக் கடிகாரத்தின் மேல் கண். "ஒண்ணு ஓட வையிங்க, இல்ல தூக்கிக் கடாசுங்க. செத்ததைக் கட்டிக்கினு புது வூட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

வடலூரில் அருண்குமார் என்று ஒரு பையன் கடிகாரக் கடை வைத்திருக்கிறான். பழைய கடிகாரங்களைப் புதுப்பித்து இணையத்தில் விற்பான், நல்ல கிராக்கி. இதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் அகன்றது. பின்மூடியைத் திறந்தான். பேட்டரி கசிந்து மெஷின் அரித்திருந்தது. புது மெஷின் போட்டு, கண்ணாடி மாற்றி, உடம்புக்குப் பாலிஷ் கொடுத்து, முகப்புக்கும் பெயிண்ட் அடித்தால் கடையில் எடுத்த மாதிரி இருக்கும் என்றான். வெறுமனே மெஷினை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அப்படியே விட்டாலும் சிலருக்கு அது பிடிக்கும் என்று அவனே குழப்பியும் விட்டான். கொளஞ்சிநாதன் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், கடிகாரத்தை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். வண்டி ஓட்டிக்கொண்டு போனது நான்.

மூன்றாவது முறை திரும்பும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. மந்தாரக்குப்பம் வருவதற்குள் வண்டியை ஓரங்கட்டி, உங்களுக்கு என்னதான் வேண்டும் அண்ணே, பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு வருகிறீர்களே என்று சத்தம் போட்டேன். அவர் கடிகார வளையத்தை நகத்தால் நெம்பி ஒரு சுற்றுத் திருப்பினார்.

"முழுசா என்னுது இல்லியே தம்பி. பாதி அவனுது. ஒரு தபா கேட்டிருந்தான்னா மூஞ்சில வுட்டெறிஞ்சிருப்பேன். கேக்கலியே அவன்."

இருபது வருஷமாக அப்பாவின் சாவையும் அடுத்தவன் பொருளையும் ஒரே கையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார் பாவி மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை வடக்குத்துக்குப் போனோம். மதிவாணன் வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். குண்டு மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போது பாதிதான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கொளஞ்சிநாதன் படிக்குக் கீழேயே நின்று, யாரோ மூன்றாம் மனிதரிடம் பேசுவதுபோலப் பேசினார். இதில் பாதி உன்னுடையது. ரிப்பேர் பண்ணட்டுமா, வேண்டாமா, இல்லை நீயே வைத்துக்கொள்கிறாயா, எதுவானாலும் சொல்லிவிடு.

மதிவாணன் கடிகாரத்தைத் தொடவில்லை. "அன்னிக்கு ஏன் வரலன்னு நீ கேக்கவே இல்ல கொளஞ்சி" என்றார். கேட்டிருந்தாலும் சொல்ல எனக்கு முகம் ஏது என்று தானே சேர்த்துக்கொண்டார். பிறகு கீரையைப் பார்த்தபடி சொன்னார்.

முந்தின நாள் டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தாராம். மனைவி தாய்வீட்டில். விழித்துப் பார்த்தால் வெளியே மழை இருட்டு, சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி. சாயங்காலம் ஆறு அது. அவர் காலை ஆறு என்று நினைத்துவிட்டார். ராத்திரி ஷிப்ட் முழுக்கத் தூங்கித் தொலைத்தோமே, கொளஞ்சி டபுள் அடித்திருப்பானே, அவனைப் பார்க்கும்போது காலில் விழுந்தாவது சமாளிப்போம் என்று மறுபடி சாய்ந்துவிட்டார். உண்மையில் அந்த ராத்திரி ஷிப்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

"எழுந்து பாத்தா மறுக்கா ஆறு மணி. அப்பதான்யா புரிஞ்சிது. வெளிய வந்தா, உங்கப்பா போயிட்டாருன்றாங்க. சாவு வூட்ல வந்து நின்னுக்கினு, தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

இந்தக் கதைக்கா இருபது வருஷம் என்று இவர் எகிறப் போகிறார் என்று நினைத்தேன். ஷிப்ட் பார்க்காதவர்கள் இதைக் கட்டுக்கதை என்பார்கள். பகலில் தூங்குகிறவனுக்கு இரண்டு ஆறு மணியும் ஒரே நிறம்தான். டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் விசாரித்தாலும், சாயங்காலம் எழுந்து காலை என்று பல் தேய்த்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள்.

கொளஞ்சிநாதன் கேட்டது இதுதான்.

"பல்லு வௌக்கினியா?"

மதிவாணன் தலை நிமிர்ந்தார். "வௌக்கினேன். பேப்பர் வந்துச்சான்னு வாசக் கேட்டாண்டகூடப் போயி பாத்தேன்."

"நானும் வௌக்கியிருக்கேன்டா" என்றார் கொளஞ்சிநாதன். செல்லை எடுத்து அருண்குமாரைக் கூப்பிட்டு, ஓட மட்டும் வைத்தால் போதும், பாலிஷ் கீலிஷ் எதுவும் வேண்டாம், நாளைக்கு இரண்டு பேராக வருகிறோம் என்று சொன்னார். பிறகு செருப்பை உதறிவிட்டுப் படியேறி, மதிவாணனை ஒட்டி உட்கார்ந்து, கீரையில் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.