அத்தை எழுதவிடாத சாப்பாட்டுச் செலவு

பிரிஞ்சாங்கில் என் அத்தை வீட்டுக் கொடியில் எத்தனை கம்பளி காய்கிறது என்று பார்த்தே, நேற்று அங்கே எத்தனை பேர் தங்கினார்கள் என்று கடைத்தெருவில் சொல்லிவிடுவார்கள். மாமா தோட்டத்தில் தேயிலை லோரி ஓட்டியவர். முதுகில் அடிபட்டு அவர் வேலையை விட்டபின், எழுபதுகளின் கடைசியில், அத்தை வீட்டின் முன்பக்க அறைகள் இரண்டையும் குளிருக்காக மலையேறி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். பள்ளி விடுமுறை வந்தால் நடுவீட்டையும் கொடுத்துவிட்டு, குடும்பமே அடுப்பங்கரையில் பாய் விரித்துவிடும். அங்கே போய்ப் படுத்துக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. மாமா பேசுகிற பேச்சுக்குச் சிரித்தே வயிறு வலிக்கும்.

எண்பதுகளில் வரி ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் தோட்ட ஆபீஸில் டைப்பிஸ்ட். குடும்பத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் அது என் தலையில்தான் விடியும். அத்தை வந்த வாடகையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செலவைச் சொல்லவே இல்லை. அதனால் மொத்தத்துக்கும் வரி விழுந்திருந்தது. அதைக் கட்டினால் அறைகளை மூட வேண்டியதுதான். வேறு வருமானம் அந்த வீட்டுக்கு இல்லை. தொழிலுக்கு ஆன செலவை எழுதினால் கழித்துக்கொள்வோம், வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார் என்றும் கடிதத்தில் இருந்தது.

கம்பளி, மெத்தை, வெந்நீருக்கு விறகு, சோப்பு என்று அத்தை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். துணிக் கிளிப்பைக்கூட விடவில்லை. "சாப்பாடு?" என்றேன். வாடகை அறைக்கு மட்டும்தான்; காலையில் தோசை, இரவில் சோறும் ரசமும் அத்தை தாமாகப் போடுவது. பெரிய செலவே அதுதான்.

"அத எழுதாத பாப்பா."

"எழுதாட்டி வரி கொறையாது அத்த."

"கொறையாட்டிப் போகட்டும் லா. வந்தவங்க தின்னத எண்ணி எழுதுனா அவங்க வயித்துல ஒட்டுமா?"

எனக்கு வந்த கோபத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் பேசிப் பாக்குறேன்" என்று மாமா சிரித்தார்.

விடுமுறைக் கூட்டத்தின் நடுவே அதிகாரி வந்தார். டை கட்டிய தமிழர். அறைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து கீழே இறங்கும் தாப்பா சாலையில் மண் சரிந்து வழி அடைபட்டது. ஊரில் ஓர் அறைகூடக் காலியில்லை. வரி ஆபீஸர் டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, எங்கள் அடுப்பங்கரையில் மாமாவுக்குப் பக்கத்தில் படுத்தார். மாமாவின் லோரிக் கதைகளைக் கேட்டு அந்த மனிதர் சிரித்த சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

காலையில் தோசை மேல் தோசையாகச் சாப்பிட்டுவிட்டுப் பர்ஸைத் திறந்தார். தங்கியதற்கு மட்டும் அத்தை வாங்கிக்கொண்டார்.

"சாப்பாட்டுக்கு?"

"அதுக்கு வாங்குறதில்ல சார்."

அவர் நான் எழுதிய செலவுகளை எடுத்துப் பார்த்தார். சாப்பாடு இல்லாத காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கேலி செய்வார் என்று பயந்தேன். அவர் செய்யவில்லை.

"அக்கா, தின்னத யாரும் எண்ண வேணாம். கடையில அரிசி, பருப்பு வாங்குன பில் இருக்குமில்ல? உங்க வீட்டுப் பங்கத் தள்ளிட்டு மிச்சத்த எழுதுவோம். வாங்குனதத்தான எழுதுறோம், ஆள் தின்னத இல்லையே."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டினார். "வாங்குனதுன்னா சரி" என்றார் அத்தை. எனக்கு அந்த அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வரி பெரிதும் குறைந்தது. அறைகளை மூடவில்லை. இப்போது அதே தெருவில் ஹோட்டல்கள், வாடகையில் காலைச் சாப்பாடும் அடக்கம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அத்தை பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

வழி திறந்து அதிகாரி கிளம்பிப்போன அன்று சாயங்காலம் நான் கணக்கை டைப் அடித்து முடித்ததும் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த சார் சாப்ட்டதும் இதுல வருதா?"

"வராது அத்த. இது போன வருசத்துக் கணக்கு. அவர் சாப்ட்டது அடுத்த கணக்குலதான் வரும்."

"அப்ப அதுல ஒரு கிலோ அரிசி கொறச்சுப் போடு, மறந்துடாத லா. அவருக்கு நான் போட்டது விருந்து."

அடுத்த வருடம் ஒரு கிலோவைக் குறைத்துத்தான் எழுதினேன்.