டிக் போடாத கட்டம்

அண்ணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிடுவார். "ஊர்ல இருக்கிற வயித்துப் பிள்ளைக்கெல்லாம் வாராவாரம் மெயில் போடுறா."

கேலிதான், ஆனால் பொய்யில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சாமான் விற்கிற கடை அது. மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அண்ணியின் மேசை. கடைக்கு வருகிற பெண்கள் மெயில் முகவரியையும் டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவ நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும், பிள்ளை பிறந்த பிறகும்கூட, அண்ணி எழுதியது அவர்களுக்குப் போகும். இந்த வாரம் உங்கள் குழந்தையின் இமைகள் பிரிந்திருக்கும். இந்த வாரம் உங்கள் குரல் அதற்குக் கேட்கும். அடியில் காலுறைக்கோ தொட்டிலுக்கோ தள்ளுபடி. சாமான் வாங்காதவர்கள்கூட மெயிலுக்காகக் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என் தங்கையும் அப்படிக் காத்திருந்தவள்தான்.

இந்த நாட்டில் நாங்கள் நால்வரும் தங்கியிருந்தது அண்ணியின் வேலையைப் பிடித்துக்கொண்டுதான். அண்ணன் வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் அரைநாள் வேலை. தங்கையின் கணவர் கப்பலில் இருந்தார். பிரசவத்துக்கென்று எங்களிடம் வந்தவள், ஏழாம் மாதத்தில் குழந்தையை ஆஸ்பத்திரியிலேயே பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் அறைக் கதவு பாதி சாத்தியேதான் இருக்கும். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க அண்ணியின் கடையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும், முதலாளியம்மாவின் கையெழுத்தோடு. அது வரவில்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த நாட்களில் தபால்காரர் படியேறுகிற சத்தம் கேட்டாலே நான் எழுந்துபோய்க் கதவருகில் நிற்பேன்.

அப்போதுதான் கடை கைமாறப் போகிறது என்று தெரிந்தது. வாங்க வந்த பெரிய கம்பெனிக்குத் தொட்டிலும் வேண்டாம், காலுறையும் வேண்டாம். அவர்கள் கண் வைத்தது அந்த மெயில் முகவரிகளின் மேல். ஆனால் முகவரிகளை இன்னொருவர் கையில் கொடுப்பதென்றால் நிபந்தனைகள் மாறுகின்றன. ஒவ்வொருத்தியிடமும் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம் என்ன சொல்றாங்க தெரியுமா? சம்மதக் கட்டத்துல நாமளே டிக் போட்டு அனுப்பணுமாம். வேண்டாங்கிறவ வந்து எடுத்துக்கட்டுமாம். பதில் சொல்லலேன்னா சம்மதம்னு எடுத்துக்கலாமாம்."

"சரிதானே," என்றார் அண்ணன். "மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க?"

"இதையேதான் அந்தம்மாவும் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?"

"சட்டம் என்ன சொல்லுது?"

"கேக்காம டிக் போடக் கூடாதுங்குது. மெயிலுக்கு அடியில பொறுப்பாளர்னு யார் பேரு இருக்கும்? என் பேரு. நாளைக்கு யாராவது புகார் குடுத்தா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"அப்போ முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே அண்ணி?" என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். "நம்ம கடிதத்தை எடுத்துக் காட்டுனாங்க தம்பி. டைப் பண்ணி வெச்சிருக்காங்க. 'வெள்ளிக்கிழமை மெயில் போகட்டும், இதையும் அன்னிக்கே முடிச்சிடலாம்'னாங்க. ரொம்ப அன்பாத்தான் சொன்னாங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அண்ணன் ஓடிப்போய் அணைத்தார்.

பிறகு அண்ணி குரலைத் தணித்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். யார் எந்த மெயிலைத் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆறு மாதம் விடாமல் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது. மற்றவர்களுக்கு மேடம் சொன்னபடி டிக் போட்டே அனுப்பிவிடுவது.

"பாவப்பட்டவங்களுக்கு அந்தக் கம்பெனி மெயில் போகாது. நமக்கும் கையெழுத்து வந்துடும்."

"அப்படிப் போடு," என்று அண்ணன் மேசையைத் தட்டினார். "பாம்பும் சாகாது, கோலும் நோகாது."

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மறைக்கவில்லை, சிரித்தேன்.

"என் பேரையும் அப்படித்தான் எடுத்தீங்களா அண்ணி?"

தங்கை கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலை வாரியிருக்கவில்லை. கையில் போன்.

அண்ணி எழுந்துவிட்டார். "நீ இன்னும் தூங்கலையாம்மா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த வாரமே மெயில் நின்னுபோச்சு. நான் மேடமா இருக்கும்னு நெனச்சேன், இல்லேன்னா மெஷினா இருக்கும்னு நெனச்சேன். நீங்கதானா?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு?"

"அதைப் பாத்தா உனக்குத் தாங்காதுன்னுதான்…"

"யாரைக் கேட்டு அண்ணி?"

அண்ணன் குறுக்கே போனார். "ஏய், உன் நல்லதுக்குத்தானே செஞ்சா. அவ கிட்டப் போயி கத்துறே?"

"நீ சும்மா இருண்ணா. எல்லாரும் என் நல்லதுக்குத்தான் செய்றீங்க. தொட்டில் துணியை நான் வர்றதுக்குள்ள எடுத்து எங்கேயோ வெச்சுட்டீங்க. டாக்டர் சீட்டை ஒளிச்சு வெச்சீங்க. நான் வாயே திறக்கலல்ல? அதனால சரின்னு எடுத்துக்கிட்டீங்க."

"உனக்கு அந்த மெயில் வேணும்னு எனக்குத் தோணவே இல்லை கண்ணு," என்றார் அண்ணி.

"வேணுமா வேண்டாமான்னு எனக்கே தெரியல." அவள் குரல் இறங்கிவிட்டது. "தெரியலேன்னு சொல்றதுக்காவது ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல?"

போய்விட்டாள். கதவை இந்த முறை முழுதாகச் சாத்தினாள்.

அண்ணி இரவுச் சாப்பாட்டைப் பரிமாறினார், பாத்திரம் கழுவினார். அண்ணன் இரண்டு மூன்று தடவை "அவ சின்னப் பொண்ணு, விடு" என்று சொல்லிப் பார்த்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே, "அவ சொன்னதுல எது தப்புன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, விட்டுடறேன்," என்றார். அண்ணன் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். எனக்கோ பயம் போகவில்லை. அந்த யோசனை செத்துவிட்டது என்று அண்ணியின் முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நானே அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். கீழே காத்திருக்கச் சொன்னார். இருப்புக் கொள்ளாமல் மாடிப்படி ஏறி, விற்பனைக்கு நிறுத்தியிருந்த தள்ளுவண்டிகளுக்கு நடுவில் போய் நின்றேன். கண்ணாடித் தடுப்புக் கதவு சாத்தியிருக்கவில்லை.

முதலாளியம்மா அண்ணியின் தோளுக்கு மேல் குனிந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாதவர். என் தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழம் வாங்கி அனுப்பியவர். மேசை மேல் எங்கள் கடிதம் கிடந்தது, அதன் மேல் ஒரு பேனா.

"இது நான் சொன்னது இல்லையே," என்றார். "டிக் எங்கே?"

"கட்டம் ரெண்டு இருக்கு மேடம். சரி, வேண்டாம். ரெண்டும் காலியாத்தான் இருக்கும். பதில் வரலேன்னா இனிமே எழுத மாட்டோம், உங்க விவரத்தை அழிச்சிடுவோம்னு போட்டிருக்கேன்."

"அழிச்சிடுவோமா! பாதிப் பேரு திறந்துகூடப் பாக்க மாட்டாங்க. கம்பெனிக்காரங்க வாங்க வர்றதே அந்த முகவரிகளைத்தானே! என்ன விளையாடுறியா?"

"இல்ல மேடம்."

"வீட்டுல யோசிச்சுட்டு வான்னுதானே அனுப்புனேன்? உன் நிலைமை எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர் சும்மா இருக்கார். ஒரு டிக்குக்காக எல்லாரையும் தெருவுல நிறுத்தப் போறியா?"

என் கை ஏதோ ஒரு தள்ளுவண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. அழுத்திவிடுங்கள் அண்ணி என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தார். "உங்க மெயிலும் தயாரா வெச்சிருக்கேன் மேடம், டிக் போட்டது. இதோ, பக்கத்துலேயே இருக்கு. பொறுப்பாளர்ங்கிற இடத்துல மட்டும் என் பேரை எடுத்துட்டேன். உங்க பேரைப் போட்டு நீங்களே அனுப்பிடுங்க."

முதலாளியம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி கொஞ்சம் உருண்டது. மௌஸைப் பிடித்தார். பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டுவது கேட்டது. நின்றது. மறுபடி தட்டினார், அழித்தார். கீழே யாரோ கதவு மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"நாளைக்கு ஒரு கேள்வி வந்தா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"வந்தா நீங்கதான் பதில் சொல்லணும் மேடம்."

திரையில் இருந்த இரண்டு மெயில்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, "உன்னுடையதையே அனுப்பித் தொலை," என்றார். கடிதத்தை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வருஷம் முழுவதற்கும் என்று அடித்திருந்ததன் மேல் கோடு போட்டுவிட்டு, ஆறு மாதம் என்று கையால் எழுதிக் கையெழுத்து போட்டார். "கடை கைமாறுற வரைக்கும் பொறுப்பாளர்னு ஒரு பேரு வேணும். அதுக்குத்தான். அப்புறம் அவங்க பாடு, உன் பாடு."

அண்ணி நன்றி சொன்னார். மேடம் பேனாவை மூடினார்.

சரி என்று சிலர் சொன்னார்கள், வேண்டாம் என்று சிலர். பெரும்பாலோர் ஒன்றுமே சொல்லவில்லை. அவர்களையெல்லாம் அண்ணி அழித்தார். மேடமுக்கும் அண்ணிக்கும் நடுவில் ஒரு மேசைதான் இடைவெளி. அப்படியும் அதற்கப்புறம் மேடம் அண்ணியிடம் நேரே பேசுவதில்லை, சேதியெல்லாம் கீழேயிருக்கும் காசாளர் ஏறி வந்து சொல்லித்தான் தெரியும். "நான் என்னங்க, தபால்பெட்டியா?" என்று அவர் புலம்புவாராம். அடுத்த கடிதத்துக்கு எங்கே போவது என்ற கவலை எனக்கு அன்றே தொடங்கிவிட்டது.

மெயில் அனுப்பிய வெள்ளிக்கிழமை மாலையே அண்ணி தங்கையின் கதவைத் தட்டினார். நான் கூடத்தில் இருந்தேன்.

"அன்னிக்கே கேட்டிருக்கணும். இப்ப கேக்குறேன். அந்த மெயில் உனக்கு வேணுமா?"

உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. அண்ணி நின்றுகொண்டே இருந்தார். பிறகு கதவு திறந்தது.

"டாக்டர் குறிச்ச நாளெல்லாம் தாண்டிப்போச்சே அண்ணி. இப்ப அதுல என்ன வரும்?"

"கழுத்து நிக்கிறதைப் பத்தி வரும். தூக்குறப்போ தலையைத் தாங்கிப் பிடிக்கணும்னு."

தங்கை கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே யோசித்தாள்.

"அதை மட்டும் அனுப்புங்க."

"ஒண்ணு மட்டுமா?"

"ஒண்ணு மட்டும்."