மஞ்சள் பெயிண்ட் வைத்த கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். வண்டிகளுக்கு ரப்பர் புஷ் செய்யும் சின்னத் தொழிற்சாலை. அங்கே ஸ்டாக் பார்க்கும் புரோகிராம் அடியேன் எழுதியது. (பத்தி எழுதுவது உபதொழில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே!)

அவர்களுடைய ஒரே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மெயின் போர்டு அவுட். விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால், பார்ட் வர ஐந்து வாரமாம். 1991-லும் இப்படி! சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் பழையபடி ரிஜிஸ்டர் நோட்டுதான் என்று சொல்லிவிட்டார் முதலாளி.

யாருக்கு நஷ்டம்? ஆபரேட்டர் ஸ்டெல்லாவுக்கு. பாக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர். ஷிஃப்ட் முடிந்து பூந்தமல்லிக்கு பஸ் பிடித்துப் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர்.

"திரும்ப பாக்கிங்குக்கே அனுப்பிடுவாரு சார். அழுகையா வருது" என்றார்.

மெட்ராஸிலிருந்து வேறொரு போர்டு வாங்கிப் போயிருந்தேன். ஊர் பேர் தெரியாத அசெம்பிள் சரக்கு. மாட்டினால்... திரை இருட்டு! கம்ப்யூட்டரைக் கிளப்ப அந்தக் கம்பெனி தந்த சிஸ்டம் ஃபிளாப்பி, உள்ளே தங்கள் சிப் இருந்தால்தான் வேலை செய்யுமாம். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் சர்வீஸ் ஒப்பந்தமும் ரத்து. ஒப்பந்தம் இல்லாத கம்ப்யூட்டரை முதலாளி வைத்துக்கொள்ள மாட்டார்.

மெஷின்களை ரிப்பேர் பார்க்கும் டூல்ரூம் ஃபிட்டர் பெருமாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், லேத்துக்கு வேற கம்பெனி கியர் போட்டு ஓட்டிக்கினு கீறோம். இதுக்கு மட்டும் இன்னா பந்தா?"

பழைய போர்டிலிருந்த சிப்பை நெம்பி எடுத்துப் புதியதில் செருகினார். மூன்றாவது முயற்சியில் திரை பளிச்! ஸ்டெல்லா கையே தட்டிவிட்டார்.

மூடியைப் பூட்டிப் பத்து நிமிஷம் இருக்காது... வாசலில் கம்ப்யூட்டர் கம்பெனி என்ஜினியர்! இந்தப் பக்கம் வந்தவர், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருக்கிறார்.

அப்போதுதான் கவனித்தேன். ஸ்க்ரூ தலைகளில் மஞ்சள் பெயிண்ட்! ரிப்பேர் முடிந்த மெஷினுக்கு ஒரு பொட்டு பெயிண்ட் வைப்பது டூல்ரூம் வழக்கம். மறுபடி யாராவது திறந்தால் காட்டிக்கொடுக்கும். பெருமாள் பழக்கதோஷத்தில் வைத்துவிட்டார். நாங்களே ஒப்புதல் வாக்குமூலம் எழுதி ஒட்டின கதை!

"இதைத் திறந்தது யாரு?" என்றார் என்ஜினியர்.

பெருமாள் அசரவில்லை. "யாரும் தொறக்கக் கூடாதுன்னுதான் சீல் வெச்சுக்கீறோம் சார். வாங்கின அன்னிக்கே வெச்சது."

என்ஜினியர் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டார். விரலைப் பார்த்தார். கீபோர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

கர்ச்சீஃபில் விரலைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதினார். 'கரண்ட் கோளாறுதான். மெஷின் நல்ல நிலையில் உள்ளது. யாரும் திறக்கவில்லை.' கையெழுத்து.

விதிமுறை எழுதுகிறவர்கள் ஆபீஸில் இருக்கிறார்கள். ஆளை நேரில் பார்க்கவேண்டிய சங்கடம் அவர்களுக்கு இல்லை, பாருங்கள்.

வாசல்வரை போன என்ஜினியர் திரும்பினார்.

"ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி வைங்கம்மா... நாளைக்கு எங்க மேனேஜர் வர்றாரு. அதுக்குள்ள காயணும்."